பால் வெட்டும் கத்தி: மெர்சிங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு மலிவான கருவியின் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலை நோக்கி அமைந்த மெர்சிங், இன்று தியோமான், ராவா, சிபு முதலிய தீவுகளுக்குப் படகேறும் ஊராகவே பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. ஆயினும், கடலை விட்டு உள்ளே சென்று ஜெமாலுவாங், காஹாங் வழியாகக் குளுவாங்கை அடையும் நிலப்பகுதிக்கு வேறொரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தீபகற்பம் முழுவதும் பரவிய ரப்பர் பயிர் இங்கும் காட்டை அழித்து ஊன்றப்பட்டது. அதன் விளைச்சலோ, அசையாத அலகும் மரப்பிடியும் மட்டுமே கொண்ட ஒரு சிறு கத்தியை நம்பியிருந்தது. தோட்டத் தமிழர் உளி என்றும் பால் வெட்டும் கத்தி என்றும் வழங்கிய அக்கருவி, காப்புரிமை பெற்ற பல நுட்பக் கருவிகளோடு போட்டியிட்டு நிலைபெற்ற ஒன்றாகும். விலை குறைந்த அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்களை ஆராய்ந்தால், அதைப் பிடித்த கைகளின் திறன் எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதும் விளங்கும்.

ரப்பர் மரத்தின் தாயகமான அமேசான் காடுகளில் பால் எடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தியே பாலை வடித்தனர். அக்கொத்து பட்டையைக் கடந்து உள்மரத்தையும் தாக்கியதால், மரம் முடிச்சுகளோடு விகாரமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் வெட்டுவதற்கு இடமற்றுப் போயிற்று. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. எனினும், மரத்தைக் கெடுக்காமல் பல்லாண்டுகள் பாலெடுக்கும் முறை அறியப்படாத வரையில் தோட்டப் பயிராக அதை வளர்ப்பதில் இலாபம் இருக்கவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, அடுத்து வந்த பத்தாண்டுகளில் நடத்திய சோதனைகளின் வழி, புதிய காயங்களை இடுவதற்கு மாறாக, முதலில் இட்ட வெட்டின் கீழ்விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால் பால் குறையாமல் பெருகுகிறது என்று நிறுவினார். அதன் பின்னர் கோடரிக்கு அங்கு வேலை இல்லாமற்போய், சீவும் கத்தி ஒன்று தேவைப்பட்டது.

அக்கத்தி செய்ய வேண்டிய வேலை எளிதன்று. ரப்பர் பால் ஊறும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், உள்மரத்தை ஒட்டிய மென்பாகத்திலேயே நெருங்கிக் கிடக்கின்றன; அவற்றுக்கும் உள்மரத்துக்கும் இடையில் வளர்படை என்னும் மெல்லிய அடுக்கு உள்ளது, பட்டையையும் மரத்தையும் புதிதாக உண்டாக்குவது அதுவே. வெட்டு ஆழம் குறைந்தால் குழாய்கள் பல தப்பிவிடுவதால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் வளர்படை காயப்பட்டு, புதுப்பட்டை மேடுபள்ளமாக வளர்ந்து, பின்னாளில் அந்த இடத்தில் வெட்ட இயலாமற்போகும். ஆகவே வளர்படைக்கு வெளியே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்ட வேண்டியிருந்தது. குழாய்கள் நேர்க்குத்தாக அமையாமல் சற்று வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இடப்படும் வெட்டு கூடுதலான குழாய்களைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையின் தடிப்பும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவைத் தாண்டலாகாது; ஏனெனில் பட்டையே தோட்டத்தின் மூலதனம், அது தீரும் வேகமே மரத்தின் ஆயுளைத் தீர்மானித்தது.

தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் கையிலெடுத்தது, குதிரைக்கு இலாடம் அடிப்போர் குளம்பைச் சீவப் பயன்படுத்திய, நுனி வளைந்த கத்தியாகும். 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பரின் விலை ஏறத் தொடங்கியதும், இலங்கையிலும் மலாயாவிலும் புதுவகைக் கத்திகளை ஆக்கும் போட்டி மூண்டது. 1906இல் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைத் தாவரத் தோட்டத்தில் நடைபெற்ற ரப்பர் கண்காட்சி அப்போட்டிக்கு ஒரு களமாயிற்று. வெட்டின் ஆழத்தைத் தானே கட்டுப்படுத்தும் தடுப்புகள், திருகால் முன்பின் நகர்த்தக்கூடிய அலகுகள், தேய்ந்ததும் கழற்றி மாற்றத்தக்க வாய்கள் எனப் பலவகை உறுப்புகள் இக்காலக் கருவிகளில் சேர்க்கப்பட்டன. பட்டையைச் சீவாமல் குத்திப் பால் வடிக்கும் முட்சக்கரங்களும் பரிந்துரைக்கப்பட்டன. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் ஒன்றே: பயிற்சியற்ற ஒருவர் கையிலும் வெட்டு பிழைபடாதவாறு, திறனைக் கையிலிருந்து கருவிக்குள் மாற்றிவிடுவது.

அந்நோக்கம் நடைமுறையில் நிறைவேறவில்லை. பட்டையின் தடிப்பு மரத்துக்கு மரமும், ஒரே மரத்தின் அடிக்கும் நடுவுக்கும் வேறுபடுவதால், நிலையான அளவில் பொருத்தப்பட்ட தடுப்பு ஓரிடத்தில் ஆழம் போதாமலும் மற்றோரிடத்தில் மிகுந்தும் வெட்டியது. திருகுகளிலும் இடுக்குகளிலும் பால் உறைந்து ஒட்டிக்கொண்டது. உறுப்புகள் நிறைந்த கருவியைத் தோட்டத்திலேயே தீட்டவும் பழுதுபார்க்கவும் இயலவில்லை. ஒரு தோட்டத்தில் வெட்டுவோர் எத்தனை பேரோ அத்தனை கத்திகள் வேண்டியிருந்ததால், ஒவ்வொன்றின் விலையும் கணக்கில் பெருகியது. இக்காரணங்களால் காலப்போக்கில் நிலைத்தவை, பிடிக்குள் அசையாமல் செருகப்பட்ட ஒரே துண்டு எஃகால் ஆன எளிய கத்திகளே. மலாயாவில் ஜெபோங் எனப்படும் வகை பரவலாயிற்று: அதன் முனையில் எஃகுத் தகடு கூர்ங்கோணமாக மடிந்திருக்கும், வெட்டுபவர் அதைத் தம்பக்கம் இழுத்துச் சீவுவார். தச்சரின் குழியுளியை ஒத்த மற்றொரு வகையோ முன்னோக்கித் தள்ளிச் சீவுவதற்குரியது. உயரத்தில் கீழிருந்து மேல்நோக்கி வெட்டும் முறைக்கு அதுவே பின்னாளில் ஏற்றதாயிற்று. கேரளத்திலும் இலங்கையிலும் மிச்சி-கோலெட்ஜ் என்னும் வகை வழக்கில் நின்றது; அதுவும் எளிய அமைப்புடைய கத்தியே.

எளிய கத்தியைத் தேர்ந்ததும், கருவி விட்ட பொறுப்பு முழுவதும் கைக்கு வந்து சேர்ந்தது. மழுங்கிய வாய் குழாய்களை அறுக்காமல் நசுக்கி அடைத்துவிடும் என்பதால், சொரசொரப்பான கல்லிலும் பின்னர் வழவழப்பான கல்லிலும் கத்தியைத் தீட்டிக்கொள்வது அன்றாடக் கடமையாயிற்று. மடிந்த வாயின் உட்பக்கத்தைத் தீட்ட மெல்லிய விளிம்புள்ள கல் தனியே வேண்டியிருந்தது. விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்தில் கூடிய பின், மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும் குளிர்ந்த வேளையிலேயே, ஒருவர் சில நூறு மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்து, ஒரே சீரான அழுத்தத்தில் பட்டையைச் சீவி, பால் வடியும் வழியைச் சரிசெய்து, மங்கு எனப்படும் கிண்ணத்தை வைப்பது வரை அனைத்தும் நொடிகளில் முடிந்தன. இவ்வேலையில் பெண்களும் பெருந்தொகையினராய் இருந்தனர். மரத்தில் பட்ட காயங்களை, ஆள்களை மேற்பார்க்கும் கங்காணியும் மேலதிகாரிகளும் எண்ணிப் பார்த்தனர்; தவறின் தடயமோ பல ஆண்டுகள் பட்டையிலேயே பதிந்து கிடந்தது.

மெர்சிங் வட்டாரத்தில் இவ்வேலைக்குக் கூடுதலான ஒரு தடையும் இருந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலேயே நேராக மோதுவதால், அம்மாதங்களில் மழை மிகுதி. ஈரமான பட்டையில் பால் வெட்டின் வழியே ஒழுகாமல் மரம் முழுவதும் பரவி வீணாகும். அத்தகைய நாள்களில் வெட்டு நின்றது, கூலியும் குறைந்தது. மேலும், ஈரக்காலத்தில் வெட்டிய பரப்பைப் பூஞ்சை நோய்கள் தாக்கும். அவற்றுள் பூசண அழுகல் எனத்தக்க நோய், கத்தியின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் பரவக்கூடியது என்பதால், கத்தியைக் கிருமிநாசினியில் நனைத்து வெட்டுவதும் பணிமுறையில் சேர்ந்தது.

இக்கத்தியைப் பிடித்த தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையில், அதாவது தோட்டத்தில் ஏற்கெனவே உழைத்த ஒருவர் தம் ஊருக்குச் சென்று ஆள்சேர்த்து வரும் ஏற்பாட்டில் வந்தவர்கள்; 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றதும் இதுவே முதன்மையான வழியாயிற்று. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இவர்களது உழைப்பைத் திறனற்ற வேலை என்ற பிரிவில் அடக்கியது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் ஆளனுப்புவதைத் தடைசெய்தபோதும் அதே பிரிவே பயன்பட்டது. மில்லிமீட்டர் கணக்கில் ஆழம் அறிந்து வெட்டிய கைகளுக்குச் சட்டம் வழங்கிய அடையாளம் அது.

1942 சனவரியில் போர் இத்தோட்டங்களுக்குள் நுழைந்தது. மெர்சிங்கைக் காத்த ஆஸ்திரேலியப் படை ஜெமாலுவாங் நோக்கிப் பின்வாங்கியபோது, சனவரி 26, 27ஆம் நாள்களின் இரவில், அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில் ஜப்பானியரைப் பதுங்கித் தாக்கியது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஏற்றுமதி அறுந்து பால்வெட்டு பெருமளவு நின்றது. மலாயாத் தோட்டங்களின் தமிழர் பலர், ஜப்பானியர் அமைத்த சயாம் இரயில் பாதையின் கட்டுமான வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

போருக்குப் பின், 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வெட்டு முறைகளை மேலும் செப்பனிட்டது. பால் சுரப்பைத் தூண்டும் வேதிப்பொருள்கள் 1970களில் வழக்கிற்கு வந்து வெட்டும் நாள்களைக் குறைக்க உதவின. விசையால் இயங்கும் கத்திகளும் பின்னர் உருவாக்கப்பட்டன. ஆனால் மெர்சிங் மாவட்டத்தில் நித்தார், தெங்காரோ போன்ற, பெல்டா என்னும் அரசு நில மேம்பாட்டு அமைப்பின் குடியேற்றத் திட்டங்களோடு செம்பனை பரவியதால், வேலையின் கருவியே மாறி, குலைகளை அறுக்கும் நீண்ட கழியின் அரிவாள் முன்னுக்கு வந்தது.

பால் வெட்டும் கத்தியின் மலிவை அதன் எஃகின் விலையோடு மட்டும் நிறுத்திப் பார்த்தால் கணக்கு முழுமையாகாது. கருவிக்குள் திறனை அடைக்க முயன்றவர்கள் தோற்றதும், எளிய கத்தி போதும் என்று தோட்டங்கள் முடிவுசெய்ததும், வெட்டுவோர் அத்திறனைத் தாமே பயின்று கொண்டுவந்ததால் இயன்றவை. அப்பயிற்சிக்குக் கத்தியின் விலையிலும் இடமில்லை, சட்டத்தின் வகைப்பாட்டிலும் இடமில்லை. தோட்டங்கள் ஈட்டிய இலாபத்தில் ஒரு பகுதி அந்தப் பெயரிடப்படாத திறனிலிருந்தே வந்தது.