தாழ்ச்சியும் தாழ்த்தப்படுதலும்

திங்கள், சனி ஆகிய இரு நாட்களிலும் செபமாலையில் மகிழ்ச்சி மறையுண்மைகளைத் தியானிக்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் அன்பியக் கூட்டத்திற்காக ஒவ்வொரு வீடாகக் கூடும்போதும் இதே செபமாலைதான். வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன முதல் மறையுண்மையில் நாம் வேண்டும் வரம் தாழ்ச்சி. மற்ற எல்லா வரங்களுக்கும் முன்னதாகக் கேட்கும் வரம் இது. வாரந்தோறும் கேட்கிறோம். ஆனால் எதைக் கேட்கிறோம் என்று சற்று நின்று யோசிப்பது குறைவு.

மறைக்கல்வி வகுப்பில் படித்தது பலருக்கும் நினைவிருக்கும். தலையான பாவங்கள் ஏழில் முதலாவது அகங்காரம். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி. இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் சொல், மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது நமக்கு நினைவூட்டப்படும் அதே மண்தான். 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் தாழ்ச்சியை 12 படிகள் கொண்ட ஓர் ஏணியாகக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த அவிலா நகரப் புனித தெரேசா அதை இன்னும் எளிமையாக விளக்கினார். கடவுள் உண்மையாக இருப்பதால், உண்மையில் நடப்பதே தாழ்ச்சி என்பது அவர் கண்ட பொருள். தன்னை உள்ளதைவிட உயர்த்திக் காட்டுவது பொய் என்றால், உள்ளதைவிடக் குறைத்துச் சொல்வதும் பொய்தானே! "எனக்கு ஒன்றும் தெரியாது ஃபாதர்" என்று சொல்லிக்கொண்டே பாராட்டுக்குக் காத்திருப்பதைத் தாழ்ச்சி என்று சொல்ல முடியாது.

இங்கே நம் தாய்மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாழ்ச்சி, தாழ்மை, தாழ்வு, தாழ்த்தப்பட்டோர் ஆகிய சொற்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. புண்ணியத்துக்கும் ஒரு மக்கள்கூட்டத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கும் ஏறக்குறைய ஒரே சொல். ஆகவே நம் ஊர்களில் தாழ்ச்சியைப் பற்றிய மறையுரை எல்லார் காதிலும் ஒரேபோல் விழுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிய வைக்கப்பட்ட ஒருவர் கோவிலில் கடைசி வரிசையில் அமர்ந்து, "உங்களைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்" என்ற மறையுரையைக் கேட்கிறார். முன்வரிசையில் இருப்பவர் அது பின்வரிசைக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறார். நான் எழுத வந்தது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான்.

திருவிவிலியம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. கடவுள் வடிவில் இருந்தவர் அந்த நிலையைப் பற்றிக்கொண்டிராமல் தம்மையே வெறுமையாக்கினார் என்கிறார் திருத்தூதர் பவுல் (பிலி 2:6-8). அவரை யாரும் கீழே தள்ளவில்லை. அவரே இறங்கி வந்தார். இறுதி இராவுணவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டவர், தாம் ஆண்டவரும் போதகருமாக இருப்பதைச் சீடர்களிடம் மறைக்கவில்லை (யோவா 13:13-14). அதைச் சொல்லிவிட்டுத்தான், நான் செய்தபடி நீங்களும் செய்யுங்கள் என்றார். தாழ்ச்சி என்பது ஓர் இறக்கம். இறங்குவதற்கு ஓர் உயரத்தில் நிற்பவரிடம்தான் அது முதலில் கேட்கப்படுகிறது.

இப்படி இறங்கிய ஒருவர் நம் மண்ணிலேயே இருக்கிறார். 1712 ஏப்ரல் 23 அன்று இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில், செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராக இருந்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைத்தளபதியான டச்சுக்காரர் டி லெனாய் இவருக்கு நண்பரானார். குடும்பத்தில் இழப்புக்கு மேல் இழப்பு வந்து மனம் சோர்ந்திருந்த வேளையில், டி லெனாய் இவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்தந்தை புத்தாரி இவருக்குத் திருமுழுக்கு அளித்தார். இலாசர் என்ற விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் வழங்கலாயிற்று. கடவுளின் உதவி என்பது அதன் பொருள்.

மதம் மாறியது மட்டும் அவரது துன்பத்துக்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். அவர் எல்லாச் சாதியினரோடும் வேறுபாடு பாராமல் பழகினார். மக்கள் எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகவே வற்புறுத்தினார். அரண்மனை அலுவலர் ஒருவர் இப்படி நடந்துகொள்வதை மேல்தட்டினர் பொறுக்கவில்லை. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்த்தபடி அமரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுச் சித்திரவதைக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தேவசகாயம் கீழே இருந்தவர்களைப் பார்த்து, "பொறுமையாய் இருங்கள், தாழ்ச்சி கொள்ளுங்கள்" என்று உபதேசிக்கவில்லை. தாம் நின்ற இடத்தை விட்டு இறங்கி அவர்கள் பக்கத்தில் போய் நின்றார். எருமை ஊர்வலம் அவரை இழிவுபடுத்த நினைத்தவர்களின் வேலை. அவர் அதற்கு முன்பே இறங்கி வந்துவிட்டதால், அவர்கள் பறிக்க நினைத்த மதிப்பு அவர் பற்றிக்கொண்டிருந்த ஒன்றாக இல்லை.

அவரது பெயருக்குக்கூட இதே கதை நடந்தது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக உயர்த்தப்பட்டபோது 'தேவசகாயம் பிள்ளை' என்றே வழங்கப்பட்டார். சாதிப் பட்டத்தை விட்டவருக்குச் சாதிப் பட்டம் ஏன் என்ற கேள்வி எழுந்தது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது 'இலாசர் தேவசகாயம்' என்ற பெயரே நின்றது. அவர் உயிரோடு இருந்தபோதே இறக்கி வைத்த ஒன்றை நாம் இறக்கி வைக்க 270 ஆண்டுகள் ஆயின!

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தின் பின்கதையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் கட்டப்பட்ட ஆலயம் இரண்டு நீண்ட பகுதிகள் ஒரே பீடத்தில் வந்து சேரும் வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதியார், மறு பக்கம் மற்றவர்கள், நடுவில் தடுப்பு. பார்வைக்குக் காற்சட்டை போல் இருந்ததாக அந்நாளில் சொல்வார்கள். 1910-இல் அருள்தந்தை கௌசானல் காலத்தில் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. பிரிந்திருப்பது தங்கள் உரிமை என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே அப்பத்தை உண்பவர்கள் தனித்தனியாக உண்பதற்காக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். சுவரை எழுப்பியவர்களும் செபமாலையில் தாழ்ச்சியைக் கேட்டவர்கள்தாமே?

இது பழங்கதை, தெற்கத்திக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை ஒப்புக்கொண்டது. நம் புறநகர்ப் பங்குகளை எண்ணிப் பாருங்கள். 1960-களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபின், பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களால் வளர்ந்த பங்குகள் இவை. ஒரே ஷிப்டில் வேலை, ஒரே இரயிலில் பயணம். ஆனாலும் திருமணப் பேச்சு வந்தால் "உங்களுக்கு எந்த ஊர்?" என்ற கேள்வி வருகிறது. ஊரைச் சொன்னால் "அங்கே எந்தத் தெரு?" என்ற அடுத்த கேள்வி வருகிறது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

பூந்தமல்லிக்காரர்கள் அறிந்த மற்றொரு வரலாறும் உண்டு. வைணவ அடியாரான திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. வணிகர் குலத்தில் பிறந்த அவர் உண்டு மிஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்று அந்தணரான இராமானுசர் ஆசைப்பட்டு விருந்துக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே சென்றிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து உண்டு போய்விட, வீட்டார் இலையை எறிந்து இடத்தைக் கழுவிவிட்டார்கள் என்று அவர்கள் மரபு சொல்கிறது. இறங்க விரும்பும் மனமும் கழுவிவிடும் கையும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

என் வீட்டிலும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பட்டியலில் என் பெயர் விடுபட்டது. அச்சுப்பிழைதான். ஆனாலும் நவநாளில் இரண்டு நாள் நான் கோவிலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, பந்தலுக்கு ஒரு வாரமாகக் குழி தோண்டிய இளைஞர்கள் வெளியே நின்று திருப்பலி கண்டுகொண்டிருந்தார்கள். நோட்டீஸில் அவர்கள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அது எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. அவர்களிடம் போய்த் தாழ்ச்சியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?

அப்படியானால் தாழ்த்தப்பட்டவருக்குத் தாழ்ச்சி வேண்டாமா? வேண்டும். ஆனால் அது தலைகுனிவு அல்ல. புனித தெரேசா சொன்னபடி உண்மையில் நடப்பதே தாழ்ச்சி என்றால், "நீ ஒன்றுமில்லை" என்று சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு, தாம் கடவுளின் சாயல் என்று நிமிர்ந்து நிற்பதும் அந்த உண்மையைச் சேர்ந்ததே. அன்னை மரியா தம்மை ஆண்டவரின் அடிமை என்றார். அதே வாயால், வலியோரை அரியணையிலிருந்து இறக்கித் தாழ்நிலையில் இருப்போரை உயர்த்தும் கடவுளைப் பாடினார் (லூக் 1:38, 46-55). முதல் மறையுண்மைக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு மலைநாட்டுப் பயணம்தான் தூரம்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு நம் பங்குகளில் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய காலோடு வருகிறார்கள். பாவம், ஃபாதருக்கு வேலையே இல்லை! நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த அந்த நாற்காலிகளை, 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும், இளையோர், முதியோர், நோயாளர் என இறைமக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டுக்கான பெயர்ப் பட்டியலைப் பங்குப் பேரவை எழுதும்போது, பந்தலுக்குக் குழி தோண்டியவர்களின் பெயரைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் அவர்கள் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.