புலமைப்பரிசிலும் விலைவாசியும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வியின் பொருட்டு மாணவருக்கு வழங்கப்படும் பணத்தை ஈழத்தில் நாம் ‘புலமைப்பரிசில்’ என்கிறோம். தமிழகத்தார் பெரும்பாலும் ‘உதவித்தொகை’ என்பர். எமது வழக்கிலுள்ள சொல் பழமையான ஒரு சமூக உறவைத் தன்னகத்தே கொண்டுள்ளது. பரிசில் என்பது சங்கப் பாடல்களிலே பாணரும் புலவரும் புரவலனிடமிருந்து பெற்ற கொடையாகும். அவ்வுறவு இன்றைய பட்டப்பின்படிப்பு மாணவரின் நிலையை எந்த அளவிற்கு விளக்குகின்றது? விலைவாசி ஏறுங்காற் பரிசிலுக்கு நேர்வது யாது? இவ்விரு வினாக்களையும் வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீரயுகத்துப் பரிசில் பெரிதும் பொருளாகவே வழங்கப்பட்டது. சோறும், கள்ளும், உடையும், பொன்னணியும், சிலவேளை யானையும் பரிசிலாயின. பொருளாக வந்தமையால் விலையேற்றம் அதனைத் தீண்டவில்லை. அதனைத் தீண்டியது புரவலனின் மனநிலையே. ‘பரிசில் கடாநிலை’ என ஒரு துறையையே வகுக்க வேண்டியிருந்தமை, கொடை தாமதமாவது அன்று அரிய நிகழ்ச்சியன்று என்பதைக் காட்டுகின்றது. ஆயினும் புலவன் முற்றிலும் கையறு நிலையில் இருந்தானல்லன். தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தமையைப் புறநானூறு கூறும். மன்னனின் புகழ் புலவனின் நாவிலே தங்கியிருந்தது. எனவே புலவனிடம் மறுத்து வைக்கத்தக்க ஒன்று இருந்தது. இக்கருத்தை நாம் மனங்கொள்ள வேண்டும்.

நிலமானிய அமைப்பிற் புரவலனின் இடத்தை மடங்களும் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற மாணவர்களை மடத்து நிலங்களின் விளைச்சலே உண்பித்தது. அவர்களுள் ஒருவரான உ. வே. சாமிநாதையர் 1880இற் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பணியேற்றமை, மடத்துச் சோற்றிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் புலமை இடம்பெயர்ந்தமையின் ஓர் அடையாளமாகும். இவ்விடப்பெயர்ச்சி புலமையைச் சந்தையோடு பிணைத்தது.

கொலனித்துவ இலங்கையிலே ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஆளும் வர்க்கத்துக்கு வேண்டிய நிர்வாகிகளை உருவாக்கும் கருவியாக அமைந்தது. அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். எனினும் கருவி தன்னை ஆக்கியவனுக்கே எதிராகத் திரும்புவதும் உண்டு. இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் இயக்கம் நடாத்தியவரும் அவரே.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கன்னங்கரவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை அடைய வழிசெய்த இச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அது முதற்பட்டத்தோடு நின்றுவிட்டது. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல நிதியும் முதற்பட்ட மாணவரையே கருத்திற் கொண்டது. பட்டப்பின்படிப்புக்குக் கட்டணம் அறவிடப்படுகின்றது. எமது தமிழியல் ஆய்வின் முன்னோடிகளும் கலாநிதிப் பட்டத்துக்குப் பிரித்தானியாவையே நாடினர். கணபதிப்பிள்ளை இலண்டனுக்குச் சென்றார். பின்னர் கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தனர். எமது மார்க்சிய விமர்சனத்தின் முதன்மையான ஆய்வேடுகள் கடல் கடந்தே எழுதப்பட்டன என்பது வெறும் தற்செயலன்று.

பணவடிவிலான பரிசில் ஒருமுறை நிர்ணயிக்கப்பட்டால் எளிதில் அசைவதில்லை, விலைகளோ அசைந்துகொண்டேயிருக்கும். 1977 நவம்பரில் திறந்த பொருளாதாரத்தின் பெயரால் ரூபா மிதக்கவிடப்பட்டபோது, டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 9 ரூபாவிலிருந்து 16 ரூபாவாயிற்று. 1979இற் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1980இல் விலைவாசி 26 சதவீதம் உயர்ந்தது. 2022இன் நெருக்கடியோ இவையனைத்தையும் விஞ்சியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் எட்டின. ஓராண்டுக்கு முன்னர் 59 ரூபாவாற் பெற்ற பொருளுக்கு 100 ரூபா தேவைப்பட்டது. ஒருவரும் ஓர் ஆணையும் பிறப்பியாமலே மாணவரின் பரிசில் ஐந்தில் இரண்டு பங்கு வெட்டப்பட்டது என்பதே இதன் பொருள்.

இதே முரண்பாடு செல்வம் மிகுந்த நாட்டிலும் வெடித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குறூஸ் வளாகத்திலே, வீட்டு வாடகையைத் தாங்கவியலாத பட்டதாரி மாணவர் 2019 டிசெம்பரிற் பரீட்சைப் புள்ளிகளைக் கையளிக்க மறுத்தனர். மாதந்தோறும் மேலதிகமாக 1,412 டொலர் வாழ்க்கைச் செலவுப் படியாக வேண்டுமென்பது அவர்களது கோரிக்கை. அடுத்த ஆண்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பணிநீக்கப்பட்டனர். ஆயின் 2022 நவம்பர் 14இல் அப்பல்கலைக்கழகத்தின் அனைத்து வளாகங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 48,000 கல்விசார் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின் ஏற்பட்ட உடன்பாட்டால், கற்பித்தல் உதவியாளரின் ஆகக்குறைந்த ஊதியம் ஏறத்தாழ 23,000 டொலரிலிருந்து 2024அளவில் 34,000 டொலராக உயர வழி பிறந்தது. அவர்கள் கோரிய 54,000 டொலர் கிட்டவில்லை. அவர்களை ஒன்றுதிரட்டியது மோட்டார்த் தொழிலாளர் சங்கமாகும். 1948இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் ஊதியத்தை விலைச் சுட்டெண்ணோடு இணைக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட அதே சங்கமே அது. தொழிற்சாலையில் உருவான படி பல்கலைக்கழகத்தை வந்தடைய எழுபதாண்டுகளுக்கு மேற் சென்றது. தாம் பெறுவது கொடையன்று, உழைப்பின் ஊதியம் என அம்மாணவர் உணர்ந்தமையே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

இவ்வனுபவத்தை அப்படியே இங்கு பெயர்த்து நடவியலாது. புலவன் புகழை மறுத்து வைக்கலாம். கலிபோர்னிய மாணவர் புள்ளிகளை மறுத்து வைக்கலாம். கட்டணம் செலுத்தி, பகலில் வேறு தொழில் பார்த்து, இரவில் ஆய்வேடெழுதும் எமது மாணவர் எதனை மறுத்து வைப்பார்? தமது ஆய்வேட்டை மாத்திரமே. அதனால் நட்டமடைபவரும் அவரே. எனவே அவரது குறை ஓசையின்றி நிகழ்கின்றது. வேலைநிறுத்தமாக அன்றி, முடிவுறாத ஆய்வேடாகவே அது வெளிப்படுகின்றது.

இதன் இழப்பு தனிமனிதரோடு நிற்பதன்று. ஏடு தேடிக் கிராமங்களுக்குச் செல்வதற்கும், மலையகத்து வாய்மொழிப் பாடல்களைத் தோட்டந்தோட்டமாகத் தொகுப்பதற்கும் நாட்கூலியை இழக்கத்தக்க வசதி வேண்டும். அவ்வசதியுடையோர் மாத்திரம் ஆய்வாளராயின், எந்த வர்க்கத்தின் வரலாறு எழுதப்படும், எது எழுதப்படாமற் போகும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடும். எஞ்சியோர், பிறநாட்டு நிதி எத்தலைப்புக்கு வருகின்றதோ அத்தலைப்பையே தமதாக்கிக்கொள்வர்.

ஆகவே 1945இன் கோட்பாட்டை முதற்பட்டத்துக்கு அப்பாலும் கொண்டுசெல்லுமாறு கோருதல் காலத்தின் தேவையாகும். பட்டப்பின்படிப்பு ஆய்வைச் சமூக உழைப்பாக ஏற்று, அதற்குரிய ஊதியத்தை விலைச் சுட்டெண்ணோடு இணைத்தல் வேண்டும். இக்கோரிக்கையை மாணவர் தனித்து வெல்லவியலாது. ஆசிரியர், கல்விசாரா ஊழியர், தொழிற்சங்கங்கள் ஆகியோருடன் இணையும்போதே அது வலுப்பெறும். பரிசில் என்னும் சொல்லை நாம் வைத்துக்கொள்ளலாம். அச்சொல் சுமந்துவந்த உறவை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.