அட்டாளைச்சேனையின் ஏடுகள்

நேயர்களே, சின்னஞ்சிறு கிராமத்துத் தேவாலயமும் ஞானஸ்நானம், விவாகம், நல்லடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டுமென்று இங்கிலாந்தில் 1538இல் ஆணை பிறந்தது. எங்கள் அட்டாளைச்சேனைக்கு அப்படியோர் ஏடு உண்டா?

உண்டு. முதல் ஏடு ஊரின் பெயர். அட்டாளை என்பது காவற்பரண். சேனை என்பது காடு வெட்டி, எரித்துப் பயிரிடும் நிலம். யானைக்கும் பன்றிக்கும் கண்விழித்தவர்களின் இரவுகள் அந்தப் பெயரில் இருக்கின்றன.

இரண்டாவது ஏடு குடி. அது தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதில்லை. குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர் இருப்பார். வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் அங்கு வந்து வாழ்வார். கலியாணப் பேச்சு வந்தால் என் மூத்தம்மா முதலில் கேட்பது, "என்ன குடி மனே?" என்றுதான்.

பின்னர் கல்வி வந்தது. ஆசிரியர் கலாசாலை எழுந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி 1995இல் இங்குதான் ஆரம்பமானது. மறு ஆண்டே பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது.

எழுதப் படிப்பித்த ஊர் தன்னை எழுதிவைக்கவில்லை. மூத்தம்மா ஏழு தலைமுறைத் தாய்மாரின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வார். கேட்டு எழுதாத குற்றம் என்னுடையது. அவர் மௌத்தாகிவிட்டார். எனக்கு ஞாபகமிருப்பவை மூன்று பெயர்களே. நேற்றிரவு அவற்றைக் கொப்பியில் எழுதினேன். நேயர்களே, உங்கள் வீட்டில் மூத்தம்மா இருந்தால் இன்றே பக்கத்தில் போய் உட்காருங்கள்.