கடைசியில் வந்து சேர்ந்த சொல்

நம்ம அரசியல் சட்டத்தோட முகவுரையை ஒரே மூச்சுல சொல்லச் சொன்னா நான் பாதியில மாட்டிக்குவேன். நீதி, சுதந்திரம், சமத்துவம் வரைக்கும் ஓடிடும். அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு, சகோதரத்துவம். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்துலேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்த சொல்லுன்னு நினைச்சு தாண்டிப் போயிருக்கேன், ரொம்ப வருஷமா.

சமீபத்துல ரெண்டு ஆவணங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். (தொழில் புத்தி! பழைய வெர்ஷன், புது வெர்ஷன்னு வச்சு வித்தியாசம் பார்த்தாத்தான் நமக்குத் தூக்கம் வரும்.) முதலாவது, 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம். 1947 ஜனவரி 22ல் நிறைவேறியது. முகவுரைக்கு மூலமே அதுதான். நீதி இருக்கு, சமத்துவம் இருக்கு, சிந்தனைக்கும் வழிபாட்டுக்கும் சுதந்திரம் இருக்கு. சகோதரத்துவம் மட்டும் இல்லை.

இரண்டாவது, வரைவுக் குழு 1948 பிப்ரவரியில் கொடுத்த வரைவு. அதுல அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருக்கு. அம்பேத்கர் இதை ஒளிச்சு மறைச்சுச் செய்யலை. பிப்ரவரி 21 அன்று சபைத் தலைவருக்கு எழுதின கடிதத்திலேயே சொல்லிடறார்: தீர்மானத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறோம், ஏன்னா சகோதர இணக்கமும் நல்லெண்ணமும் இந்தியாவுக்கு இப்போ தேவைப்படுற அளவுக்கு முன்னே எப்பவும் தேவைப்பட்டதில்லைன்னு குழு நினைக்குது.

தேதியைக் கொஞ்சம் கவனிங்க. காந்தி சுடப்பட்டது ஜனவரி 30. நடுவுல 22 நாள்தான். டெல்லி முழுக்க அகதி முகாம்கள். பிரிவினை ரத்தம் காயலை. அந்த மேஜையில உட்கார்ந்து எழுதினவங்களுக்கு அது பிரெஞ்சுச் சொல்லா இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு விஷயம். அந்த வரியில தனிமனித கண்ணியம் முதல்ல வருது, தேச ஒற்றுமை அப்புறம்தான். எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒருத்தனை அவமானப்படுத்திட்டு, "நாமெல்லாம் ஒண்ணு"ன்னு சொன்னா அவன் எப்படி நம்புவான்?

முகவுரையை சபை விவாதத்துக்கு எடுத்தது 1949 அக்டோபர் 17ல். மத்த பிரிவுகளை எல்லாம் முடிச்சுட்டுத்தான் இதுக்கு வந்தாங்க. அன்னிக்கு நடந்தது செம சுவாரசியம். எச்.வி. காமத் எழுந்து, "கடவுளின் பெயரால்"னு ஆரம்பிக்கணும்னார். ரோகிணி குமார் சவுத்ரி, கடவுள்னா அம்மனை எங்கே விட்டீங்க, "பெண் தெய்வத்தின் பெயரால்"னு போடுங்கன்னார். பட்டம் தாணு பிள்ளை, நான் நம்பிக்கை உள்ளவன்தான், ஆனா நம்பிக்கையை யார் மேலயும் திணிக்கக் கூடாதுன்னார். கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீங்கன்னு பூர்ணிமா பானர்ஜி கெஞ்சினார். காமத் விடலை. ஓட்டெடுப்பு. ஆதரவா 41, எதிரா 68. கடவுள் தோத்துட்டார்!

இது கருப்பு நாள்னு காமத் வருத்தப்பட்டார். ஆனா எதிர்த்து ஓட்டுப் போட்ட 68 பேரும் நாத்திகர்கள்னு நினைச்சா அது தப்பு. பேரணையும் எடுத்து வந்த சாமிப் படங்களும் வீட்ல இருந்தவங்கதான் அவங்கள்ல நிறைய பேர் இருந்திருப்பாங்க. இந்த நாட்டுக்குள்ள வர்றதுக்கு அதை நுழைவுச்சீட்டா கேட்கக் கூடாதுன்னு நினைச்சாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் 1976ல எமர்ஜென்சி நேரத்துல 42வது திருத்தம் வந்து சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு மூணையும் சேர்த்துச்சு. அடிப்படை உரிமைகளுக்குக் கோர்ட் போக முடியாத காலத்துல முகவுரையை அழகுபடுத்தினது ஒரு நகைமுரண்தான். அந்தச் சொற்களை நீக்கச் சொன்ன மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25ல் தள்ளுபடி பண்ணுச்சு.

தற்செயலா பாருங்க, சரியா 75 வருஷத்துக்கு முன்னாடி, 1949 நவம்பர் 25ல் தான் அம்பேத்கர் சபையில் தன்னோட கடைசிப் பெரிய உரையைப் பேசினார். அதுலயும் இதே சொல்தான். சகோதரத்துவம் இல்லேன்னா மத்த ரெண்டும் மேல பூசின பெயிண்ட் மாதிரிதான்னு சொன்னார். ஆயிரக்கணக்கான சாதிகளாப் பிரிஞ்சு கிடக்கிற மக்கள் எப்படி ஒரு தேசம் ஆவாங்கன்னும் கேட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க ஊர் டீக்கடை ஞாபகம் வந்துச்சு. நம்ம பாடப்புத்தகத்துல தீண்டாமையைப் பாவம், குற்றம்னு சொல்ற மூணு வரி இருக்குமே, அதை நாங்க வகுப்புல சத்தமா ஒப்பிப்போம். என் பக்கத்துல உட்கார்ந்தவன் என்னைவிடச் சத்தமா ஒப்பிப்பான். சாயங்காலம் அப்பாவோட அந்தக் கடைக்குப் போனா எனக்குக் கண்ணாடி கிளாஸ். அவன் அப்பாவுக்குத் தனி டம்ளர், வெளியில நின்னு குடிச்சு, கழுவியும் வைக்கணும். தினமும் பார்த்தேன். வித்தியாசமாவே தோணலை எனக்கு. ஒரு நாள்கூட அப்பாகிட்ட கேட்டதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். இப்போ எல்லாருக்கும் பேப்பர் கப்தான். பெஞ்ச்ல இடம் காலியா இருந்துச்சு. அவன் அப்பா கப்பை வாங்கிட்டு, பழைய இடத்துலயே போய் நின்னு குடிச்சார். "உட்காருங்க"ன்னேன். "இருக்கட்டும் தம்பி"ன்னார்.