விசர் என்ற சொல்லும் வெள்ளித்திரையும்

ஏ9 பாதை திறந்த 2002ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து 'சேது' படம் பார்த்தோம். பாண்டி மடத்தில் விக்ரம் சங்கிலியோடு இருக்கும் காட்சி வந்ததும், மூலையில் இருந்த சித்தப்பா எழும்பிப் போய்விட்டார். அவருக்கு உளச்சிதைவு நோய். மாதம் ஒருதடவை கிளினிக்கில் ஊசி போடுவார், மற்ற நாட்களில் சைக்கிள் திருத்துவார். படம் முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி அப்பம்மாவிடம் கேட்டார்: "உங்கட பிள்ளையையும் ஒருநாள் இப்பிடிக் கட்டவேண்டி வருமோ?"

அப்பம்மா பதில் சொல்லவில்லை. அதன்பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சித்தப்பா முன்னுக்கு வருவதில்லை.

சேதுவுக்கு வந்தது தலையில் அடிபட்டதால் ஏற்பட்ட மூளைப் பாதிப்பு. சித்தப்பாவின் நோய் வேறு. ஆனால் மாமிக்கு இரண்டும் ஒரே 'விசர்'தான். அவரைக் குறைசொல்ல முடியாது. நோயாளி ஒருவரோடு நெருங்கிப் பழகாதவர்களுக்குச் சினிமாதான் பாடப்புத்தகம். அந்தப் புத்தகத்தில் 2005இல் வந்த 'அந்நியன்' கொலை செய்கிறான். அதே ஆண்டு வந்த 'சந்திரமுகி'யில் நோய் பேயின் வேடத்தில் வருகிறது, ஒரே இரவில் ஒரு நாடகத்தால் குணமாகிறது. நிஜத்தில் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துத்தான் அவர்களுக்கு அதிகம். குணமடைவதும் ஒரே இரவில் நடப்பதல்ல. மருந்து, உளவளத்துணை, குடும்பத்தின் பொறுமை என்று மாதங்களும் வருடங்களும் எடுக்கும்.

'சேது' 1999 டிசம்பரில் வெளிவந்தது. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்தச் சங்கிலியைத் திரையில் முன்பே பார்த்திருந்தோம். ஆனால் நாங்கள் அழுதது காதலுக்காக, சங்கிலிக்காக அல்ல. ஒரு படம் உண்மையைக் காட்டினாலும், பார்ப்பவர் எதைக் கவனிக்கவேண்டும் என்று பேச ஆளில்லாவிட்டால் அது கடந்துபோய்விடும்.

ஒஸ்கார் விருது பெற்ற 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) கணிதமேதை ஜோன் நாஷின் கதை. உளச்சிதைவோடு வாழ்ந்து 1994இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நோயாளி ஒருவரைக் கணவனாக, ஆசிரியராகப் பார்க்கவைத்தது அந்தப் படத்தின் பலம். ஆனால் நிஜ நாஷுக்குக் கேட்டவை குரல்கள். படத்திலோ இல்லாத மனிதர்கள் கண்முன் வருகிறார்கள். நல்ல படத்துக்கும் விளக்கம் தேவை.

ஒரு கூட்டத்தார்மீதான தப்பெண்ணம், அவர்களோடு சமமாகப் பழகும்போது குறைகிறது என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே எழுதினார். நேரில் பழக வாய்ப்பில்லாதபோது திரைப்படம் அந்தச் சந்திப்பை ஓரளவு ஏற்படுத்தித் தரும். இங்கிலாந்தில் 'டைம் ரூ சேஞ்ச்' இயக்கம் 2009இல் வெளியிட்ட குறும்படம் திகில் பட முன்னோட்டம்போலத் தொடங்கும். கதவு திறந்தால், சமையலறையில் தேநீர் போடும் சாதாரண மனிதர் ஒருவர். உளச்சிதைவு உள்ளவர் அவர்தான். சென்னையில் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனமும் உளநலத் திரைப்பட விழாக்களை நடத்தியிருக்கிறது.

எங்கள் ஊர்களில் சனசமூக நிலையத்தில் ஒரு புரொஜெக்டர் இருந்தாலே இதைச் செய்யலாம். குறும்படம் போதும். காட்டும் முன் அதை உளநல உத்தியோகத்தர் ஒருவர் பார்க்கட்டும். முடிந்ததும் உடனே கலையாமல் அரை மணித்தியாலம் பேசவேண்டும். நோயோடு வாழும் ஒருவர் தானாக விரும்பிப் பேச முன்வந்தால் அதைவிடப் பலன் தருவது வேறில்லை; யாரையும் வற்புறுத்தக்கூடாது. அங்கொடையைச் சொல்லிப் பகிடி பண்ணுவதை நிறுத்தி, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதிப்போடலாம்.

சித்தப்பா இப்போதும் சைக்கிள் திருத்துகிறார். அன்று படம் முடிந்ததும் எங்களில் ஒருவராவது, "இது வேற வருத்தம் மாமி, இவர் மருந்தெடுத்து நல்லா இருக்கிறார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த படத்துக்கும் அவர் எங்களோடு இருந்திருப்பார்.