இடது காலுக்குப் பதிலாக ஓடும் கியர்: ஓட்டோ கியர் ஒயிலை நாமே பார்ப்பது எப்படி?

என் பெரியம்மாவின் மகனுக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அப்போது அவருக்கு 22 வயது. இன்று அவர் கிளிநொச்சியில் ஒரு பழைய டொயோட்டா கொறோலா 121 காரில் ஹயர் ஓடுகிறார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் ஏற்றி வருவதும்தான் வருமானம். கிளச் மிதிக்க முடியாத ஒருவருக்கு ஓட்டோ கியர் ஆடம்பரம் அல்ல. இழந்த காலின் வேலையை அதுதான் செய்கிறது.

கடந்த மாரியில் ஒரு விடியற்காலை, மாங்குளம் தாண்டியதும் அந்தக் கியர் கைவிட்டது. அக்சிலேற்றரை மிதிக்க எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. வந்தவர்களை வேறு வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, அண்ணா வீதியோரத்திலேயே இருந்தார். மறுநாள் நான் கராஜுக்குப் போனபோது, வயதான மெக்கானிக் ஒருவர் கியர் ஒயில் கம்பியை இழுத்து என் மூக்கருகே நீட்டினார். கருகிய வாடை.

“பிள்ளை, ஒயில் ஒழுகியிருக்கு. ஒழுக்கைப் பாக்காமல் யாரோ கையில கிடைச்ச ஒயிலை விட்டு நிரப்பியிருக்கினம். உள்ளுக்க கிளச் தட்டெல்லாம் எரிஞ்சு போச்சு.”

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு சேர்விஸ் நிலையத்தில் “கியர் ஒயில் குறைவு” என்று சொல்லி ஊற்றியது அண்ணாவுக்கு ஞாபகம் வந்தது. என்ன ஒயில் என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. திருத்த முடிந்தபோது அவருடைய ஐந்து மாத ஹயர்க் காசு போயிருந்தது.

இருப்பதை ஊற்றி ஓட்டிய பழக்கம்

எங்களுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கைவேலை பல உயிர்களைக் காப்பாற்றியது. பழைய எஞ்சின்களும் அதைப் பொறுத்துக்கொண்டன.

ஓட்டோ கியர் பொறுக்காது. சாதாரண கியர்பெட்டியில் ஒயிலின் முக்கிய வேலை பற்சக்கரங்களைத் தேயாமல் காப்பது. ஓட்டோ கியரில் அது இன்னும் பல வேலைகளைச் செய்கிறது. டோர்க் கன்வேர்ட்டர் என்ற பகுதியில் எஞ்சினின் சக்தியைக் கியருக்குக் கடத்துவது ஒயில். உள்ளே இருக்கும் கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஒயிலின் அழுத்தம். சூட்டைச் சுமந்து றேடியேற்றர் பக்கம் கொண்டுபோவதும் அதுவே. தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்பதற்கென்றே அதில் இரசாயனங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வேறு ஒயில் விட்டால் அந்தக் கணக்குப் பிழைக்கும்.

பார்க்கும் முறை

எஞ்சின் ஒயிலை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். கம்பி உள்ள பெரும்பாலான ஓட்டோ கியர் கார்களில், கியர் ஒயிலை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஒயில் கீழே வடிந்து, உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும்.

முதலில் காரை 15 அல்லது 20 நிமிடம் ஓட்டுங்கள். டொயோட்டாவின் கணக்கில் ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாகியிருக்க வேண்டும். பிறகு சமதரையில் நிறுத்தி ஹாண்ட் பிறேக்கை இழுங்கள். எஞ்சின் ஓடட்டும். கால் பிறேக்கை மிதித்தபடி கியரை ‘பி’யிலிருந்து கடைசி நிலை வரை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் சில விநாடிகள் வைத்து, மீண்டும் ‘பி’க்குக் கொண்டுவாருங்கள்.

பொனட்டைத் திறக்கும்போது சேலைத் தலைப்பு, சால்வை, தலைமுடி எதுவும் விசிறிப் பக்கம் போகாமல் பாருங்கள். கியர் ஒயிலின் கம்பி எஞ்சின் ஒயிலின் கம்பி அல்ல. கியர்பெட்டிப் பக்கம் தனியாக இருக்கும். அதை இழுத்து, நூல் விடாத வெள்ளைத் துணியால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். சூட்டு நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் வெவ்வேறு கோடுகள் இருக்கும். சூடாகப் பார்த்தால் சூட்டுக்குரிய இரண்டு கோடுகளுக்கு இடையில் ஒயில் நிற்க வேண்டும்.

பழைய ஹொண்டா கார்கள் பலவற்றில் முறை வேறு. அவற்றில் சூடான எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிகளுக்குள் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் காரின் கைநூல் சொல்வதே கடைசி வார்த்தை.

நிறமும் மணமும்

அளவு பார்த்ததும் கம்பியை வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். வழமையான ஓட்டோ கியர் ஒயில் புதிதாக இருக்கும்போது தெளிந்த சிவப்பு. ஓட ஓடக் கொஞ்சம் மங்குவது இயல்பு. கரும் கபில நிறமும் கருகிய வாடையும் இருந்தால் உள்ளே ஏதோ எரிகிறது. பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு என்றால் றேடியேற்றர் நீர் உள்ளே போயிருக்கிறது; அதற்குப் பிறகு ஓட்ட வேண்டாம். உலோகத் துகள்கள் மினுங்கினாலும் கராஜுக்குத்தான் போக வேண்டும்.

ஒயில் குறைந்திருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எஞ்சின் ஒயில் எரிந்து குறையலாம். கியர் ஒயில் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நிரப்புவதற்கு முன் ஒழுக்கைத் தேடுங்கள். காரை நிறுத்தும் இடத்தில் இரவு ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்தால் காலையில் விடை தெரியும்.

நிரப்பும்போது நீண்ட புனல் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒவ்வொரு தடவையும் அளவைப் பாருங்கள். கூடினாலும் கேடுதான். சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் வராது.

எந்த ஒயில்?

பல டொயோட்டா கார்களில் கம்பியிலேயே ஒயிலின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ‘டைப் டி–4’ கேட்கும் காருக்கு ‘டபிள்யூ.எஸ்.’ விடக்கூடாது, மாறியும் கூடாது. சீ.வீ.ரி. கியர் உள்ள கார்கள் இன்னொரு வகை. அவற்றில் உலோகப் பட்டி ஒன்று கப்பிகளுக்கு இடையில் ஓடுகிறது. அவற்றுக்குரிய ஒயில் தனி; பச்சை நிறத்திலும் வருவதுண்டு. நிறத்தை வைத்து ஒயிலை முடிவு செய்யாதீர்கள்.

பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களிலும், பல புதிய கார்களிலும் கம்பியே இல்லை. காரைச் சமமாக உயர்த்தி, கீழே உள்ள ஆணியைக் கழற்றித்தான் அளவு பார்க்க வேண்டும். பல கார்களில் ஒயிலின் வெப்பநிலையையும் அளந்தே பார்க்க வேண்டும். அது கராஜ் வேலை. ஆனாலும் இரண்டு கேள்விகளை நாம் கேட்கலாம்: “என்ன வெப்பநிலையில் பாக்கிறியள்?”, “எந்த ஒயில் விடுறியள், போத்தலைக் காட்டுங்கோ.” இந்த இரண்டுக்கும் மறுமொழி இல்லாத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே கைமாறின. ஆகவே பழைய ஓட்டோ கார் வாங்கப்போகிறவர், பெயின்ரைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கம்பியைப் பார்ப்பது நல்லது. ‘டி’க்குப் போட்டதும் கியர் பிடிக்கத் தாமதித்தால், அல்லது எஞ்சின் வேகம் எழும்பியும் கார் பின்தங்கினால், விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். கியருக்குள் ஒயிலை ஓட்டும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் இயங்கும். எஞ்சின் நின்ற நிலையில் இழுத்தால் ஒயில் ஓடாமலே உள்ளே தேயும். ஓடு சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியோ, லொறியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

அண்ணா இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு தானே பார்க்கிறார். செயற்கைக் காலை ஊன்றி, பொனட்டில் ஒரு கையை வைத்துக் குனிந்து, மறு கையால் கம்பியை இழுக்கிறார். டிக்கியில் ஒரு போத்தல் ‘டி–4’ ஒயிலும் ஒரு வெள்ளைத் துணியும் கிடக்கின்றன. பொனட்டின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்: “கியர் ஒயில் டி–4 மட்டும். வேறு எதுவும் விட வேண்டாம். கேட்டுவிட்டு ஊற்றவும்.”