கேட்பவரும் மாணவரும்: எர்லாங்கனிலிருந்து இணைய வகுப்பை நோக்கி

1900இல் கணிதவியலர் எம்மி நோய்தர் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே மாணவி இல்லை. பவேரியாவில் பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துகொள்ள அன்று இடமில்லை; ஆசிரியர் இசைந்தால் விரிவுரையில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். அந்த நிலைக்கு ஜெர்மன் மொழியில் பெயரே ‘கேட்பவர்’. 1904இல் அவர் முறைப்படி மாணவியானார். 1907இல் முனைவர் பட்டம் பெற்றார். கேட்பவருக்கும் மாணவருக்கும் இடையிலான தூரத்தை அளந்தால்தான் இணைய வகுப்பின் குறையும் நிறையும் விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். கொரோனாத் தொற்றால் 2020 ஏப்ரல் 20 அன்று பவேரியப் பல்கலைக்கழகங்கள் கோடைப் பருவத்தை இணையவழியே தொடங்கியபோது எர்லாங்கனில் கருவிக்குப் பஞ்சமில்லை. இலியாஸ் மென்பொருளில் இயங்கும் ஸ்டட்ஆன் என்னும் கற்றல் தளம் பல ஆண்டுகளாகவே அங்கே புழக்கத்தில் இருந்தது. கேட்பவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கையிலிருந்தது. மாணவர்களுக்கு வேண்டியதுதான் சிக்கலாயிற்று.

ஜெர்மன் பல்கலைக்கழகக் கற்பித்தல் இரு கால்களில் நிற்கிறது. ஒன்று ‘ஃபோர்லேசுங்’, அதாவது முன்னின்று வாசித்தல். நூல்கள் அரிதாயிருந்த காலத்தில் ஏட்டை வாசித்துக் காட்டிய வழக்கம் இன்றும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று ‘ஊபுங்’ என்னும் பயிற்சி வகுப்பு. கணிதத்திலும் இயற்பியலிலும் வாரந்தோறும் ஒரு கணக்குத்தாள் வரும். மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு போட்டு ஒப்படைப்பார்கள். திருத்திய தாள் திரும்பி வரும். பிறகு யாராவது ஒருவர் கரும்பலகைக்குப் போய்த் தம் வழியை விளக்குவார். பாதி வரியில் சுண்ணக்கட்டி நின்றுவிடும் அந்த நொடியில்தான் எது புரியவில்லை என்பது அவருக்கே தெரியவரும். விரிவுரையைப் படம்பிடித்துவிடலாம். இந்த நொடியைப் படம்பிடித்துப் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொருவரும் தாமே அதில் நின்றாக வேண்டும். நன்னூலின் பொதுப்பாயிரம் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது: ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. இதை நான் சான்றாகக் காட்டவில்லை, அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவுகோலின்படி காணொளிப் பதிவு முதல் கால் பங்கைத் தாண்டாது.

2000இல் தொடங்கிய பவேரிய மெய்நிகர் உயர்கல்வி நிறுவனம் இந்த வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே காட்டுகிறது. ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய பாடத்தை மாநிலத்தின் பிற பல்கலைக்கழக மாணவர்கள் கட்டணமின்றிப் படிக்கலாம். அதில் வழிகாட்டி உண்டு, தேர்வு உண்டு. அதே நிறுவனம் யாவருக்கும் திறந்த பாடங்களையும் நடத்துகிறது. அவற்றில் அத்தகைய வழிகாட்டல் இல்லை. இரண்டுமே இணையம்தான், ஆனால் ஒன்று மாணவருக்கு, மற்றொன்று கேட்பவருக்கு. தமிழகத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. பள்ளிகள் மூடியிருந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது; ஆனாலும் 2021இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அமர்த்தும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தேவைப்பட்டது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கும், ஜெர்மன் முழுதாகக் கைவராத அயல்நாட்டு மாணவருக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்கும் வசதி பெரிதல்லவா என்று கேட்கலாம். பெரிதுதான், வகுப்பறைக் கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை என்பதற்கு நோய்தரே சாட்சி. ஆனால் அவர் விரிவுரை கேட்டதோடு நிறைவடையவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பயிற்சி வகுப்புக்கு வேண்டிய சிறு குழுவுக்கு ஆள்செலவு ஆகும் என்னும் மறுப்பு இதைவிட வலுவானது. அதற்கு விடை பதிவிலேயே இருக்கிறது: ஆண்டுதோறும் திரும்பச் சொல்லும் விரிவுரையை ஒருமுறை நன்றாகப் பதிவுசெய்தால், அடுத்த ஆண்டு அதே 90 நிமிடம் ஆசிரியரின் கையில் மிச்சமாகும். அந்த நேரத்தை நிர்வாகம் சேமிப்பாக எழுதிக்கொள்ளாமல், திரையில் பத்துப் பேரோடு கணக்குத்தாளை விரித்து உட்காரும் வேளையாக ஆசிரியரின் வாரப் பாடவேளைக் கணக்கில் ஏற்ற வேண்டும்.